நாற்பத்தேழாவது மரம்

இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
செருப்புக் கடையின் மாடியில்
ஜெர்லின் என்ற பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
நான்கு புத்தகம், நூற்றுப்பத்து வீடியோ, ஒரு செயலி.
"கிளாஸ் கிடையாது அண்ணா. நீங்களேதான் படிக்கணும்.
எப்ப வேணும்னாலும் படிக்கலாம்."

நானே படிக்க
நான் எதுக்குத் துட்டு தரணும்?
நாக்கு நுனிவரை வந்தது.
ஃபேன் காற்று சுகமாக இருந்தது. கேட்கவில்லை.
ஏழு நாள் இலவசம் என்றாள்,
அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடையாலுமூடு பஸ்ஸில் கணக்கு.
மரத்துக்கு இரண்டு ரூபாய். முந்நூற்றைம்பது மரம்.
ஆக, மழையில்லாத நாற்பத்தோரு வெட்டு.
இடவப்பாதி தொடங்கிவிட்டால்
அதையும் எண்ணிப் பார்க்க முடியாது.

அபிஷா சக்கைக்கொட்டை உரித்தபடி கேட்டாள்:
"டைப்ரைட்டிங்குக்குக் கட்டின காசு ஓர்மை உண்டா?"
உண்டு. ஆறு நாள் போனேன்.
ஏழாம் நாள் போகாததற்கு ஒரு காரணம் சொன்னேன்,
அந்தக் காரணம்தான் ஓர்மையில்லை.
"அவுங்க வாத்தியாராவது வச்சிருந்தாங்க,"
என்று கொட்டையை எண்ணத் தொடங்கினாள்.
அவளுக்க சித்தி மகன் நாகோயாவிலிருந்து
மாசாமாசம் அனுப்புவதையும் அவள்தான் எண்ணிச் சொன்னவள்.

விடியல் மூன்று மணி. தலையில் விளக்கு.
சிரட்டைக்குச் சிரட்டை சாக்கட்டியால் ஒரு எழுத்து.
முதல் மரம் அ. பிறகு இ, உ, எ, ஒ.
ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள், நல்ல மனுஷர்.
ஷி, ஒரு தூண்டில் முள்.
ஹெ, வேளிமலையின் முதுகு.
நு மட்டும் அவிழாத கயிறு,
அந்த மரத்தில் தினமும் பால் வழிந்து வீணாகிறது.
நாற்பத்தாறாவது மரத்தில் ன்.
நம்ம புள்ளி எழுத்தைப் போல உயிரில்லாத ஒற்றை.

வினைச்சொல் கடைசியில் வருகிறது, நமக்கு வருவதைப் போலவே.
நான், பால், வெட்டுகிறேன்.
ஒவ்வொன்றாகக் கழற்றி அதே ஆணியில் மாட்டினேன்.
மரத்திடம் சொன்னேன். அது பாட்டுக்குச் சொட்டியது.
செயலியிடம் சொன்னேன். பச்சை டிக்.
இன்னொன்று. பச்சை டிக்.
சந்தேகம் வந்து
மரச்சீனி, சாளை, மீன்சந்தை என்று உளறினேன்.
அதற்கும் பச்சை டிக்.

ஏழாம் நாள் மாடியில் போய் அதைக் காட்டினேன்.
வாயைப் பொத்திச் சிரித்தாள் ஜெர்லின்.
"எனக்கும் ஜப்பானீஸ் தெரியாது அண்ணா.
சனிக்கிழமை ஒரு சார் ஆன்லைன்ல வருவார்.
ஒரு மணிநேரம், யாரும் சந்தேகம் கேட்கலாம்."
எத்தனை பேர்?
"நூற்றிநாற்பது."

ஆளுக்கு இருபத்தைந்து நொடி.
இருபத்தைந்து நொடியில் ஒரு மரத்தை முடிப்பவன் நான்,
பட்டை காயப்படாமல், சாய்வு மாறாமல்.
குறைவான நேரம் இல்லை அது.
"புத்தகம் வேண்டாம், வீடியோ வேண்டாம்.
அந்த இருபத்தைந்து நொடியை மட்டும்
தனியா விப்பீங்களா?"

யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.
சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று
என் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டாள்.

எட்டாம் நாள் செயலி பூட்டிக்கொண்டது.
ராத்திரி பெய்த மழை சிரட்டைகளையும் துடைத்திருந்தது.
சும்மா எழுதிப் பார்த்தேன், எதையும் பார்க்காமல்.
முப்பத்தெட்டு வந்தது. எட்டு வரவில்லை.
நு வந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம்.

நாற்பத்தேழாவது மரத்துக்கு எழுத்து மிச்சமில்லை.
என் பேரை எழுதினேன்.
லகரம் அவர்களிடம் இல்லாததால் லிபின் அங்கே ரிபின்.
ஹிக்குத் தோளில் இரண்டு கீறல் போட்டால் பி,
வெட்டுகத்தியாலேயே போட்டுவிடலாம் போலிருந்தது.
கடைசியில் அந்த ஒற்றை ன்.
சரிதானா?
தள்ளி நின்று விளக்கடித்துப் பார்த்தேன்.
சரி போலவும் இருந்தது.

ஒன்பது மணிக்கு, பால் எடுக்கையில்
சட்டைப்பையில் போன் அடித்தது.
மார்த்தாண்டமாக இருக்கும்.
இரண்டு கையிலும் முழங்கைவரை பால்.