வீதியின் பெயர்

லொறி ஏறவில்லை.
பவுசர் பிரண்ட வளைவில்
இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.
இருநூற்றுப் பதினொரு பெட்டிகளையும்
தரம் பத்தும் பதினொன்றும்
தலையில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.
மழை வரும்போல இருந்தது; வரவில்லை.
பிள்ளைகளுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு,
எங்களுக்குப் பதின்மூன்று,
ஒருவர்கூட விடுபடவில்லை என்று
அதிபர் மூன்று முறை சொன்னார்.
நான்காம் முறை
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இடாப்பு எழுதுவது என் வேலை.
ஒவ்வொரு லெப்டொப்பின் அடியிலும்
எறும்பு ஊர்ந்ததுபோலப் பதினாறு இலக்கம்.
சைபரா, 'ஓ'வா என்று
டிலக்சன் டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்வான்.

கையெழுத்துப் போடத் தாய்மார் வந்தார்கள்.
அரைப்பேர்தான் விழும் என்று தெரிந்தும் வந்தார்கள்.
மகள் காட்டிய சதுரத்தில்
புஸ்பமேரி விரலை வைத்தாள்.
அம்புக்குறி அசையவில்லை.
வெடித்த நுனியைச் சேலையில் துடைத்து
மறுபடி வைத்தாள்.
"இதுக்கும் ஏங்கை தெரியலயோ" என்று
சிரித்துக்கொண்டே மலைக்குப் போனாள்.

அடுத்த நாள்
திரை ஒரு படிவத்தைத் திறந்தது.
பெயர். எழுதினார்கள்.
பிறந்த திகதி. எழுதினார்கள்.
வீட்டு இலக்கம்:
ஏழாம் லயம், நாலாம் காம்பரா. சரி.
வீதியின் பெயர்.
பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம்.
நிரப்பாவிட்டால்
'அடுத்து' என்ற பொத்தான்
சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

வகுப்பு அமைதியானது.

எங்கள் கடிதங்கள் தோட்ட ஆபிசுக்கு வரும்.
யாராவது நினைத்தால் அங்கிருந்து எங்களிடம் வரும்.
நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதமொன்று
பரீட்சை முடிந்து ஆறு நாளில் என் கைக்கு வந்தது.
கச்சேரியில் இருக்கவேண்டிய நான்
இங்கே பின்னம் படிப்பிக்கிறேன்.
நல்லதோ கெட்டதோ.

வரைபடத்தில் தேடினோம். பச்சை.
பெரிதாக்கினோம். இன்னும் பச்சை.
ஓரத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரனின் ஊர்ப்பெயர்.
குதிரைப்பாஞ்சான் என்று
நாங்கள் சொல்லும் பெயர்
எங்கேயும் இல்லை.

"சேர், பொய் எழுதலாமா?"
பின்வரிசையிலிருந்து சுகிர்தவாணி.
நான் வாயைத் திறக்குமுன் அவளே,
"பொய் இல்ல சேர். பேரு."
தட்டினாள்:
அட்டைக்கடிச் சந்து.
பொத்தான் நீலமானது.

அதற்குப் பிறகு
வகுப்பை அடக்க என்னால் முடியவில்லை.
பவுசர் பிரண்ட வீதி.
பீலிக்கரை முதலாம் குறுக்கு.
யேசுராணி ரொட்டிக்கடை முடக்கு.
ஒரே காம்பரா அண்ணனும் தம்பியும்
இரண்டு வீதி எழுதிவிட்டு
மணி அடிக்கும்வரை சண்டை.
டிலக்சன் எழுதியது மணியன் ஒழுங்கை.
மணியன், போன வருஷம் செத்த அவன் நாய்.
"நாய்க்கு யாராவது வீதி வைப்பானா?"
"கவர்னருக்கெல்லாம் இருக்கே, சேர்."

இரவு எட்டு மணி.
எல்லாரும் ஒரே நேரத்தில் வயரைச் செருகியதில்
லயங்கள் இருண்டன.
மேட்டிலிருந்து பார்க்கிறேன்:
கதவிடுக்குகளில்
பால் கலந்ததுபோல் ஒரு வெளிச்சம்.
அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
யாரோ அடுப்படியில் சோறு போடுகிறார்கள்.

என் படிவம் இன்னும் முடியவில்லை.
பெயர் உண்டு. மேல் லயம், காம்பரா இரண்டு.
வீதிக்கு எதிரே
கோடு ஒன்று மின்னி மின்னி நிற்கிறது.
முப்பத்தொன்பது வயது.
பெட்டரி பதினொரு வீதம்.
ஒன்றும் தோன்றவில்லை.

கீழே இருட்டுக்குள்
ஒரு பெண்குரல் கத்துகிறது:
"மணியன் ஒழுங்கையில கரண்டு இருக்கா?"

மறுபக்கத்திலிருந்து, கொஞ்சம் தாமதித்து:
"இங்கயும் இல்லக்கா!
சந்துப் பக்கம் கேட்டுப் பாருங்க!"