வாகைக்குளத்தில் பார்த்த விமானம்

பதினோரு வயசு விமானம்.
வெள்ளை இறக்கையில் அதற்குள் தேரிமண் படிந்திருந்தது.
விரலால் வழித்துப் பார்த்தார் ஜெபக்கனி,
பீடி இலைக் கட்டில் ஈரம் பார்க்கிற அதே விரல்.

"டொராண்டோ வரைக்கும் ஒரே மூச்சு, மேடம்"
என்றார் பெங்களூர்த் தரகர்.
பைலட் தொண்டையைச் செருமினார்.
தொட்டி நிறைய எண்ணெயோடு
இந்த ஓடுதளத்தில் எழும்பாதாம்.
பாதி ஊற்றிக் கொச்சிக்குப் போய்
மீதியை அங்கே.

"அப்போ நம்ம ஊரு பஸ்ஸுதான்.
வள்ளியூர்ல டீக்கு நிக்குத மாதிரி."

கணக்கைச் சொன்னேன்.
சொந்தமென்றால் வருஷத்துக்கு
இருநூற்றைம்பது மணியாவது பறந்தால்தான் கட்டும்;
உங்களுக்கு நாற்பது வந்தால் அதிகம்.
நிற்கிற நாளுக்கும் சம்பளம், ஷெட், இன்சூரன்ஸ்.
வாடகை என்றால் பறந்த மணிக்கு மட்டும்,
இறக்கிவிட்டுத் திரும்புகிற மணியும் சேர்த்து.

"காலியா வாறதுக்குமா?"

ஆமாம். காலியாக வருவதற்கும்.

உள்ளே தோல் இருக்கை, படுக்கை, காப்பி மெஷின்
எதிலும் அவர் உட்காரவில்லை.
பின்னால் போய்ச் சாமான் கதவைத் திறக்கச் சொன்னார்.
"எத்தனை அங்குலம்?"
பெரிய பெட்டி எட்டு வைக்கலாம் என்று
தரகர் சிரித்தபடி ஆரம்பித்தார்.
"அகலம் கேட்டேன், தம்பி."

போன ஐப்பசியில் சாமுவேல்துரை
மூன்று விமானம் மாறித்தான் வந்தார்.
நடுவே ஏதோ ஓர் ஊர்ச் சரக்குக் கிடங்கில்
பத்தொன்பது மணி நேரம்.
ரசீதைக் கோப்பில் வைத்தவன் நான்.

பைலட் டேப் கொண்டுவந்தார்.
ஒரு நுனியை அவரே பிடித்துக்கொண்டார்.
காற்றில் டேப் படபடத்தது,
இரண்டு தடவை அளந்தோம்.

என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதன் கீழே
எண்ணை மட்டும் எழுதினேன்.