முட்டி

மஞ்சம்பாக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் திரும்பும்
வளைவுக்குப் பின்னால் எங்கள் கொட்டகை.
ஆறு மாடு, ஒரு கிடாரி.
தரையில் அரை அடி மணல்.

விடியற்காலை நாலு மணிக்கு
சாணியை அள்ள வேண்டும், மணலை அள்ளக் கூடாது.
இது கைக்கு வர எனக்கு ஒரு வருஷம் ஆனது.
மணல் லோடு என்ன விலை தெரியுமா?
பக்கத்துச் சைட்டில் பூச்சுக்கே எம்-சாண்ட்தான்.
ஆத்துமணலில் படுத்துத் தூங்குவது
இந்தத் தெருவில் என் மாடுகள் மட்டும்.

மேலே காய்ந்திருக்கும். ஈரம் அடியில்.
ஒரு பிடி எடுத்து இறுக்குவேன்.
விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி,
கொழுக்கட்டையாய் நின்றால் புரட்ட வேண்டும்.

போன ஐப்பசியில் நின்றது.
காலையில் புரட்டலாம் என்று படுத்துவிட்டேன்.
மூன்றாம் நாள்
பவுனுவின் பின்காம்பு ஒன்று சூடாய், கல்லாய்.
முதல் பீச்சு கறுப்புத் தட்டில் விழுந்தது
திரித்திரியாய்.
ஐந்து நாள் ஊசி. ஐந்து நாள் பாலும் தெருவுக்கு.
ஒன்றும் அறியாத வெள்ளையாய்
லாரி டயர் வரைக்கும் போனது.

இப்போது மூன்று காம்பில்தான் கறக்கிறாள்.
நாலாவதைத் துடைக்கும்போது
உதைக்கக்கூட மாட்டாள்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து கையை நம்புவதில்லை.
புடவையை வரிந்துகொண்டு
வெறும் முட்டியை மணலில் ஊன்றுவேன்,
ஒவ்வொரு படுக்கையிலும்.
நனைந்தால் அந்த இடத்து மணல் வெளியே, வெயிலுக்கு.

வேலியோரம் பல் விளக்கிக்கொண்டிருந்த கிளீனர் பையன்
'எந்தச் சபைக்கா?' என்றான்.
'ஏழு பேர் சபை' என்றேன்.
நுரையோடு சிரித்தான்.

தணிகாசலம் சொல்கிறார்:
லோன் போட்டு ரப்பர் பாய் விரித்துவிடலாம்,
தண்ணி அடித்தால் தீர்ந்தது வேலை.
சரியாகத்தான் சொல்கிறார்.
நான் பவுனுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மோந்தாள். காலை மாற்றி மாற்றி வைத்தாள்.
பிறகு அவளும்
முன்முட்டி இரண்டையும்தான் முதலில் ஊன்றினாள்.

இன்று ராத்திரி எண்ணூர்ப் பக்கம் மின்னுகிறது.
தார்ப்பாயை இறக்கிக் கட்டியாயிற்று.
ஆறும் படுத்துவிட்டன,
கிடாரி மட்டும் நிற்கிறது.
அதன் இடத்தில் இன்னொரு முறை
மண்டியிட்டு எழுந்தேன்.
முட்டியில் சுருக்கென்றது:
ஒரு சிப்பித் துண்டு.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.