அருவிப் பக்கம்

டெரோஷன் படையாச்சி அதைத்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்,
காய்ச்சல் கண்ட பூனையைப் போல.
கறுப்பு மெகா டிரைவ். முப்பது வயது.
டர்பன் காற்றின் உப்பு
முதுகுத் துளைகளில் பச்சையாகப் பூத்திருந்தது.

"புது டிவி வாங்கினேன், அம்பத்தஞ்சு இன்ச்.
இதப் போட்டா கஞ்சி மாதிரி தெரியுது."

கஞ்சிதான்.
சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும்
ஒரே மஞ்சள் கேபிளுக்குள் திணித்து அனுப்பினால்
வேறென்ன வந்துசேரும்?
சிப்பிலிருந்து மூன்றும் தனித்தனியாகத்தான் புறப்படுகின்றன.
வழியில் கெட்டுப்போகின்றன.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், கராஜில் என் மேசை.
மின்வெட்டு ஆறு மணிக்கு, அட்டவணைப்படி.
ஐந்தேகாலுக்கு மூடியைத் திறந்தேன்.
எறும்புக் கால் கனத்தில் மூன்று கால்களை
ஊசியால் நெம்பித் தூக்கினேன்.
நகத்தளவு ஆம்ப் ஒன்று,
எழுபத்தைந்து ஓமில் மூன்று ரெசிஸ்டர்கள்,
தலைமுடி போல் கம்பி.
பச்சையைத் தொட்டேன், ஈயம் ஓடிப் பிடித்தது.
நீலத்தைத் தொட்டேன்.
சிவப்பில் கரண்ட் போனது.

சூட்டுக்கோல் தன் சூட்டை
இருட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தது.
வீணாக்குவானேன் என்று
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பற்றவைத்தேன்,
தப்பான இடத்தில்.
எட்டரைக்குத் திருத்தினேன்.

சனிக்கிழமை வந்தார். தம்பி யூகனும் கூட,
டோங்காட்டிலிருந்து, ஒரு பை மடும்பிக் கிழங்கோடு.
நடுவில் என் பெட்டி, அதிலிருந்து எச்டிஎம்ஐ.
போட்டேன்.
எழுத்தெல்லாம் பிளேடால் நறுக்கிய மாதிரி.
புல்லின் ஒவ்வொரு சதுரமும் தன் இடத்தில் நின்றது.
"ஐயோ" என்றார் யூகன், நல்ல விதமாக.
அப்புறம் அருவி வந்தது.

அருவி இல்லை.
ஒரு நீலக் கோடு, ஒரு சந்து,
ஒரு நீலக் கோடு, ஒரு சந்து,
மேலிருந்து கீழ்வரை ஜன்னல் கம்பிகள்.
பொம்மை ஆள் அதற்குப் பின்னால் நடந்தான்,
ஜாமீன் கிடைக்காதவன் போல.

"ஒடச்சிட்டியா, சிஸ்?"

இல்லை என்றேன். அந்த மெஷினுக்கு
உள்ளே தெரிகிற தண்ணீர் போடத் தெரியாது.
வரைந்தவர்களுக்கு அது தெரியும்.
மட்டமான கேபிள் எப்படியும் குழப்பும்,
அதுவும் தெரியும்.
பாதிக் கோடுகளைப் போட்டுவிட்டு
மீதியைக் குழப்பத்திடம் ஒப்படைத்தார்கள்.
"நீங்க பார்த்த தண்ணி கேபிள்லதான் இருந்திச்சி."

சின்னப்பிள்ளையில் இருவருக்கும் சண்டையாம்,
அருவிக்குப் பின்னால் குகை உண்டா, இல்லையா என்று.
யூகனுக்கு அதில் ஒரு பல் போயிருக்கிறது.
இப்போது இரண்டு பேரும் திரையில் மூக்கு இடிக்க
சந்துகளுக்குள் பார்த்தார்கள்.
பாறை.
அடுத்த சந்திலும் பாறை.
ஜெயித்தது யாரென்று நான் கேட்கவில்லை.

"பழையபடி ஆக்கிரு."

தூக்கிய காலை மறுபடி உட்காரவைக்கலாம்.
இவர்கள் பார்த்ததை என்ன செய்வது?
முதுகில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன்.
நூற்றெண்பது ராண்ட் என்று சொல்லி
நூற்றைம்பதுக்கு இறங்கினேன், மடும்பிக்காக.

"எந்தப் பக்கம் எது?"

பேப்பர் டேப்பில் ஒரு பக்கம் 'அருவி' என்று எழுதினேன்,
வார வகுப்பில் கற்ற கோணல் எழுத்தில்.
அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.
வளைஞ்சு வளைஞ்சு இருக்கறது தண்ணி, புரிஞ்சிரிச்சி என்றார்.
மறுபக்கம் 'தெளிவு' என்று எழுதினேன், ஒட்டவில்லை.
'நிஜம்' என்றால் அதுவும் பொய்.
நகத்தால் சுரண்டிவிட்டு
வெறுமனே விட்டேன்.

புதன்கிழமை ஃபோன் செய்தார்.
ஓட்டத்துக்கும் சண்டைக்கும் எழுதாத பக்கமாம்.
அருவி வரும்போது எழுந்துபோய் மாற்றுகிறாராம்,
திரும்பி வருவதற்குள் ஆள் செத்துப்போகிறானாம்,
தினமும், அதே இடத்தில்.

பாஸ் போட்டுவிட்டுப் போகலாமே என்றேன்.

"தண்ணி ஓடறப்பவா?" என்றார்.