கொடி என்ற வினைச்சொல்

பெங்களூரு, ஓசூர் ரோட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி.
மூன்றாம் மாடியில் எனக்கொரு நாற்காலி,
கழுத்தில் ‘தமிழ்’ என்று எழுதிய அட்டை.
தர்மபுரிக்காரர்களின் வலியை இங்கிலீஷில் சொல்வேன்,
திரும்பி வருவதைத் தமிழில் தருவேன்.
மாதம் பதினெட்டாயிரம்.

இன்று டாக்டர் ஹெக்டே கட்டில் இருபத்தொன்றின்
கால்மாட்டில் நின்று, தாளைப் புரட்டாமலே,
“ஹி இஸ் ஃப்ளாகிங்” என்றார்.

தெரிந்த சொல்தான்.
மெயிலில் சிவப்புக் குறி வைத்தால் ஃப்ளாக்.
கோரமங்களா மழையில் கைநீட்டி ஆட்டோவை மறித்தால் ஃப்ளாக்.
ஆகஸ்டில் சிக்னலுக்கு சிக்னல் பத்து ரூபாய்.
ஒரு மனிதன் எப்படி ஃப்ளாக் ஆவான்?
காற்று நின்ற பிறகு கம்பத்தில் துணி இருக்குமே,
அது.

பச்சியம்மா என் வாயையே பார்க்கிறாள்.

தளர்கிறார் என்றால், வயது நாற்பத்துமூன்றுதான்.
சோர்கிறார் என்றால் டீ வாங்கப் போய்விடுவாள்.
நலிவது செய்தித்தாளில் தொழில்கள்.
வாடுகிறார் என்று சொல்ல அவர் என்ன மல்லிகையா,
மெட்ரோத் தூண்களுக்கு ஜல்லி சுமந்தவர்.
ஓய்கிறார்:
அதை நான் தொடப்போவதில்லை.
போதாததற்கு, டாக்டர் சொன்னது
இந்த நிமிடம் நடப்பதை மட்டும்.
நம்முடைய ‘கிற’ நாளைக்கும் சேர்த்துப் பேசிவிடும்.

“என்னம்மா சொல்றாரு?”
“கொஞ்சம்…” என்றேன்.
இந்த வேலையில் முதலில் கற்ற சொல் அது.

அவள் காத்திருக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே காட்டினாள்:
ஏசிப் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே அவள் கட்டிய கயிறு,
இரண்டு லுங்கி, ஒரு துண்டு.
“திங்கக்கெழம கட்டுனப்ப வெறப்பா நின்னுச்சு.
இப்பப் பாரு, கொடி தொஞ்சுக்கிட்டே வருது.
அந்த மாதிரியா?”

கண்ணைத் திறக்காமலே மாதையன் சொன்னார்:
“துணிய நல்லாப் பிழிஞ்சு போடணும்.”

என்னவாம் என்று டாக்டர் புருவத்தால் கேட்டார்.
அவர்களுக்குப் புரிகிறது என்று இங்கிலீஷில் சொன்னேன்.
மொழிபெயர்ப்பு இல்லை அது.
அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் படியிறங்கும்போது பார்த்தேன்.
நர்ஸ் திட்டினாளோ என்னவோ, லுங்கிகளை எடுத்திருந்தாள்.
வெறும் கயிற்றை அவிழ்த்து, இழுத்து,
மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்
ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி.