கருவி கத்தாத இடம்

காய்ச்சலின் பதினொராம் நாள்.
டெங்கு இல்லை, மலேரியா இல்லை,
எலிக்காய்ச்சலும் இல்லை என்று
மூன்று துண்டுகள் என் தலைமாட்டில்.
மாங்குளம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்த டொக்டர் பெண்
"என்ன வேலை?" என்றாள்.
மிதிவெடி எடுக்கிறது. அம்பகாமத்தில்.
"நின்றோ, முழங்காலிலோ?"
முழங்காலில்.

அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு
என்னைத் தேடத் தொடங்கினாள்,
நாங்கள் நிலத்தைத் தேடுவது போலவே
விரற்கடை விரற்கடையாக.
இடுப்புப் பட்டி இறுகும் இடத்தில் இருந்தது.
சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு,
சுற்றிவரச் சிவப்பு.
வலியில்லை, அரிப்பில்லை,
நான் கண்டதேயில்லை.
தேடுவதற்கென்றே சம்பளம் எடுக்கிறவள் நான்.

முகத்துக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கவசம்.
அது பட்டிக்கும் தோலுக்கும் நடுவில் வந்து
சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"உண்ணிக்காய்ச்சல்" என்றாள்.
குளிசை தந்தாள்.
மூன்றாம் நாள் சொதிக்கு உப்புக் காணாதென்று
தாதியோடு சண்டை பிடித்தேன்.

*

அந்தத் துண்டு எனக்கு அத்துப்படி.
வெடி விதைத்த பிறகு பதினாறு வருசம்
ஆளும் போகவில்லை, கோடரியும் போகவில்லை.
வீரை தன் பாட்டில் பருத்தது.
பாலைப் பொந்தில் ஆந்தை,
புற்றடியில் சாரை,
இராவில் மரநாயும் காட்டுப்பூனையும்.
எப்போதாவது ஒரு மரை வெடித்தது;
அன்றைக்குப் பன்றிகளுக்கு விருந்து.
நல்ல வேலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.
என் மைத்துனனின் இடது கால் அங்கேதான் கிடக்கிறது.

பிறகு நாங்கள் போனோம்.
இயந்திரம் பற்றையை மென்று துப்பியது.
பாலை விழுந்தபோது
ஆந்தை பட்டப்பகலில் பறந்து போனது.
பாம்பைக் கண்டவன் பாம்பை அடித்தான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை;
கருவி கத்தினால் நில், கத்தாவிட்டால் நகர்.
ஆணி, சோடா மூடி, ஷெல் சிதறல்,
ஒருமுறை ஒரு கொலுசின் திருகு.
எல்லாவற்றுக்கும் வெடிக்குரிய மரியாதை.

பாதியில் காசு முடிந்தது.
இரண்டு மாரி வேலை நின்றது.
அந்த இரண்டு மாரியிலும்
மழை தை கழிந்தும் விடவில்லை.
மொட்டை நிலத்தில் இடுப்பளவு புல்.
புல்லுக்குள் எலி.
எலியைத் தின்ன யாரும் மிச்சமில்லை.

*

பூச்சியியல் பிரிவிலிருந்து உருத்திரநாதன் வந்தான்,
நாற்பது கூண்டு, சுட்ட தேங்காய்ச் சொட்டு.
"நீங்கள் முன்னால் நடவுங்கோ அக்கா,
எங்கே கால் வைக்கலாம் என்று உங்களுக்குத்தானே தெரியும்."
நடந்தேன்.
விடியக் கூண்டுகளில் இருபத்தேழு எலி.
ஒன்றின் காதைப் பிரித்துக் காட்டினான்.
உள்ளே யாரோ மஞ்சள்தூள் தட்டினது போல்.
ஒவ்வொரு தூளும் வாழ்நாளில்
ஒரேயொரு முறைதான் கடிக்குமாம்.
கிருமியோ தாயிடமிருந்து முட்டைக்குப் போகுமாம்.
"சீதனமோ?" என்றேன்.
சிரித்தான்; பிறகு
"ஓம், அப்படித்தான்" என்று கொப்பியில் எதையோ எழுதினான்.

*

வெடிக்குச் சிவப்புக் கட்டை.
துப்பரவான நிலத்துக்கு வெள்ளை.
இதற்கு எந்த நிறம் என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.
"உனக்கு இன்னும் காய்ச்சல் விடேல்லைப் போல."

பின்னேரம் காணிக்காரன் அருமைத்துரை வந்தார்.
உறுதியின் நகல் சட்டைப்பைக்குள், பொலித்தீன் சுற்றி.
"கச்சான் போடலாமோ பிள்ளை? ஒண்டும் இல்லைத்தானே?"
வெடி இல்லை என்றேன்.
அவருக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டது.
புல்லை வெட்டுங்கோ, நிலத்தில் படுக்காதையுங்கோ,
சப்பாத்துப் போடுங்கோ என்றேன்.
தன் காலைப் பார்த்தார். வெறுங்கால்.
இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு
அந்த மண்ணில் அந்தக் கால்.
அவர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி
வேரை மணந்து பார்த்தார்.

நான் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினேன்.
சோதனை இரும்பின் மேல் கருவியைப் பிடித்தேன்,
கத்தியது.
புல்லின் மேல் பிடித்தேன்.