தொடக்கக் கல்வி: நாற்பது சொற்களுக்குள்

ஆண்டுமலரில் ஆளுக்கொரு பெட்டி.
பெற்றோர், பிறந்த ஊர், படித்த பள்ளி
எல்லாம் சேர்த்து நாற்பது சொல்.
பிஷ்கெக்கில் மேசைக்கு மேசை நடந்ததில்
அமைச்சர் முடிந்தார், மல்யுத்த வீரர் முடிந்தார்.
நீதிபதி ஜிபார் தொலுபாயேவா மட்டும்
"நாரினில் பிறந்தேன், நாரினில் படித்தேன்" என்று
நான்கே சொல்லில் எழுந்துகொண்டார்.

மீதி முப்பத்தாறு சொல்லுக்காக
ஆறு மணி நேரம் வேனில் குலுங்கிப் போனேன்.
கணவாயில் எனக்கு வாந்தி. அது எதிலும் வராது.

தம்பி எசென் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்.
தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி
குமிழி வரும் இடம் தேடிக்கொண்டிருந்தார்.
"அப்பாவின் தொழில்?"
"டேங்கர் ஓட்டினார்."
"எதுவரை?"
குமிழி வந்தது.
"நாற்பது லிட்டர் வரை."

அரசாங்கப் பெட்ரோல் நாற்பது லிட்டரை
மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மேய்ப்பன் ஒருவனுக்கு
விற்றதற்கு நான்கு வருஷம்.
எண்பத்து மூன்று, மார்ச். பாதி பனி, பாதி சேறு.
தீர்ப்பு ரஷ்ய மொழியில் வந்தது.
அம்மாவுக்குக் கிர்கிஸ் தவிர எதுவும் தெரியாது;
அடுத்த வீட்டில் கொடுத்துப் படிக்கக் கேட்க
மானம் விடவில்லை.
அக்கா இரண்டாம் வகுப்பு.
ரஷ்யப் பாடநூலில் அதுவரை வந்திருந்தவை
வாத்து, வண்டி, குடை.

"ராத்திரி ராத்திரி எழுத்துக் கூட்டுவாள்.
அடுப்புக்கு வறட்டி போடுவது என் வேலை.
ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்."

'சுதந்திரப் பறிப்பு' என்ற இடத்தில் சிக்கிக்கொண்டது.
பாதிச் சொல் தெரியும்,
பள்ளிச் சுவரில் சிவப்பாய் எழுதியிருந்தது.
மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கி
மற்றப் பாதிக்கு அர்த்தம் கேட்டாளாம்.
டீச்சர் லிதியா பாவ்லோவ்னா
எங்கே பார்த்தாய் என்று கேட்கவில்லை.
முழுச்சொல்லையும் கரும்பலகையில் எழுதினார்.
இருபத்தேழு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து முறை,
நல்ல கையெழுத்தில், கோடு தாண்டாமல்.

"எங்கள் அப்பாவுக்கு நடந்ததை
ஊரே வீட்டுப்பாடம் எழுதியது."
எசென் சிரித்தார். ஒட்டுப்போட்ட டியூபை
மறுபடி அமுக்கினார். குமிழி இல்லை.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில்
மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் என்று இருந்ததாம்.
அந்த வரிக்கு அவள் வந்து சேர்ந்தபோது
மே மாதம்.

திரும்பும் வழியில் எழுதி எண்ணிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினெட்டுச் சொல்.
எதை வெட்டுவது?
மேய்ப்பனையா, வறட்டியையா, மே மாதத்தையா?
வெட்டாமலே அவருக்கு அனுப்பினேன்,
'ஒப்புதல் தேவை' என்று ஒரு சீட்டுக் குத்தி.
வழக்கு வரும் என்றார் ஆசிரியர்.

ஒன்பதாம் நாள் உறை திரும்பி வந்தது.
மே மாதத்தைத் தொடவில்லை.
தம்பியின் சிரிப்பைத் தொடவில்லை.
மூன்றாம் வரியில் 'நாற்பது லிட்டர்' மட்டும்
அடிக்கப்பட்டு, மேலே பென்சிலில்:
முப்பத்தெட்டு.